அம்மாவுக்கு வந்த நார்மல்

அந்தப் பரிசோதனையை அம்மா செய்துகொள்ளாமலே இருந்திருந்தால், ரத்தம் கண்ட அன்றே பயந்துபோய் மருத்துவரிடம் ஓடியிருப்பாளா?

இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கேள்வி அல்ல. அக்கா கேட்டது. கடையில் லைனிங் துணி அளந்துகொண்டிருந்தவள் அளப்பதை நிறுத்திவிட்டு, எதிரே இரண்டு பெண்கள் காத்து நிற்பதையும் பொருட்படுத்தாமல், என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் கணக்கு டீச்சர். மகள் பிறக்கும்வரை எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தவள். ஒரு கேள்விக்கு விடை உண்டு அல்லது இல்லை என்று சொல்லிப் பழகியவள். இந்தக் கேள்விக்கு இரண்டையும் சொல்ல முடியவில்லை. ஓடியிருப்பாள் என்று சொன்னால் அந்தப் பரிசோதனைதான் அம்மாவைக் கொன்றது என்று ஆகிவிடும். ஓடியிருக்க மாட்டாள் என்று சொல்ல என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

எங்கள் கடை தியாகராய நகரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெரிய கடைகளில் புடவை எடுத்துக்கொண்டு வருபவர்கள், அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ் வாங்க எங்களிடம் வருவார்கள். மேட்சிங் சென்டர் என்று சொல்வோமே, அது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான கையோடு அம்மாவை இங்கே கூட்டிவந்து அப்பா கடை வைத்தார். அவர் போன பிறகு அம்மாவும் அக்காவும் பார்த்துக்கொண்டார்கள். உதவிக்குச் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வருகிறாள். ஆக, கடையில் நிற்பவர்களும் பெண்கள், வாங்க வருபவர்களும் பெண்கள்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வாசலில் தண்ணீர் தெளித்து, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் அம்மன் படத்தைத் துடைத்துப் பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றிச் சூடம் காட்ட வேண்டும். அது முடியாமல் யாருக்கும் துணி கிழித்துக் கொடுப்பதில்லை. அது அம்மாவின் வேலை. மாதவிலக்கு நாட்களில் மட்டும் அவள் படத்தின் பக்கம் போக மாட்டாள். கடைப் பெண்ணைப் பார்த்து, "இன்னைக்கு நீ ஏத்து" என்பாள். வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் புரிந்துவிடும். மாதவிலக்கு அடியோடு நின்றபோது அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "இனி வருசம் முழுக்க என் கையாலதான். எவளுக்கும் குடுக்க மாட்டேன்" என்று அறிவித்தாள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்த முகாம் வந்தது. கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்காக வியாபாரிகள் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோயாகக்கூடிய மாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் பரிசோதனை. அக்காவுக்கு அன்று மாதவிலக்கு. அந்த நாட்களில் அதைச் செய்ய மாட்டார்கள் என்பதால் அவள் அம்மாவை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். நான் அப்போது கோயம்புத்தூரில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"கூச்சமாப் போச்சுட்டி. அந்த டாக்டர் பொண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். மூச்ச நல்லா இழுத்து விடுங்கம்மாங்கா. ஏட்டி, ரெண்டு பிள்ள பெத்தவளுக்கு மூச்சு விடக் கத்துக்குடுக்கியான்னு கேட்டேன். சிரிப்பு தாங்கல அவளுக்கு."

"வலிச்சுதாம்மா?"

"வலியெல்லாம் இல்ல. ஒரு குச்சிய வச்சுத் தடவி எடுத்தா, அவ்ளோதான். முடிவு வர நாளாகுமாம். அதுதான் ஒருமாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்த நாட்களில் அவள் உள்ளுக்குள் பயந்திருக்கிறாள். மயிலாப்பூரில் ஒரு அம்மன் கோயிலுக்குப் போய், நல்லபடியாக வந்தால் ஆடி வெள்ளிக்கிழமை மாவிளக்கு போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். முடிவு வந்தது. நார்மல்.

ஆடியில் விடுமுறை எடுத்து நானும் வந்திருந்தேன். பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய் ஊற்றித் திரி போட்டு, அம்மா கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து விளக்கு ஏற்றினாள். திரி எரிந்து முடியும்வரை கை கூப்பியபடி இருந்தாள். பிறகு அந்த மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, சந்தில் இருக்கும் எல்லாக் கடைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "எனக்கு எல்லாம் நார்மலாம். இனி ஆயுசுக்கும் கவலயில்ல" என்றாள்.

முடிவைக் கொடுத்த நர்ஸ், மூன்று வருடம் கழித்து மறுபடி வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். இதை அக்கா எனக்குப் பிற்காலத்தில்தான் சொன்னாள். அந்த மூன்று வருடம் முடிந்து முகாம் திரும்பவும் வந்தது. அம்மா கடைப் பெண்ணை அனுப்பினாள். பக்கத்துக் கடைகளில் தயங்கி நின்றவர்களைக்கூடத் திட்டி அனுப்பினாள். தான் போகவில்லை. அக்கா வற்புறுத்தியபோது அவள் சொன்னது இதுதான்: "நேர்ச்சைய நல்லபடியா முடிச்சாச்சு. அம்மன் குடுத்த பதிலு அது. திருப்பியும் போயிச் சோதிச்சா, அவளையே சந்தேகப்படுத மாதிரி ஆயிரும்லா."

வெளியிலிருந்து பார்க்கும்போது இது அறியாமை என்று தோன்றலாம். ஆனால் எங்கள் குடும்பங்களில் வேண்டுதல் என்பது இரண்டு பேருக்கு இடையில் நடக்கும் பேச்சு போன்றது. ஒருவர் கேட்டார், மற்றவர் கொடுத்தார், பதிலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. முடிந்துபோன பேச்சை மறுபடி எடுப்பது மரியாதை இல்லை. அம்மா அசட்டையாக இருந்துவிடவில்லை. மரியாதையாக இருந்தாள்.

எனக்குக் கல்யாணமாகி அடையாறுக்குக் குடிவந்து, மகள் பிறந்தாள். குழந்தை தவழ ஆரம்பித்த சமயம். ஒருநாள் கடைப் பெண் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, அம்மாவுக்கு இன்னா ஆச்சு? நெதம் என்னியே ஊதுபத்தி ஏத்தச் சொல்லிக்கினு கீறாங்க. முன்ன நான் தொட்டாலே கையத் தட்டி வுடுவாங்க."

அக்காவுக்குச் சுரீர் என்றது. அன்று கடை அடைத்ததும் அம்மாவிடம் நேராகவே கேட்டாள். அம்மா முதலில் முட்டி வலி, படம் உயரத்தில் இருக்கிறது, எட்டவில்லை என்றாள். அக்கா விடவில்லை.

"ஆமா, கொஞ்சம் படுது. சூடுட்டி. வெயில்ல அலையுதேன்லா. எளநி குடிச்சாச் சரியாயிரும்."

"நின்னு எத்தன வருஷமாச்சு? இப்ப படுதுன்னா என்னம்மா அர்த்தம்? டாக்டர்கிட்ட போலாம் வா."

"எதுக்கு? அதான் நார்மல்னு சொல்லியாச்சுல்லா. வேற என்னத்தப் பாக்கப் போறா?"

அந்த ஒரு சொல்லுக்கு எதிராக அக்காவால் பேச முடியவில்லை. அவளுக்கும் அது ஆறுதலாகவே இருந்திருக்கும். என்னிடம் சொல்லக் கூடாது, பச்சைக் குழந்தைக்காரி பயந்துவிடுவாள் என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறுக்கு வந்து என் மகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள். பையில் ஒரு மாற்றுப் புடவை வைத்திருப்பாள். குழந்தை நனைத்துவிடும் என்பதற்காக என்று நினைத்தேன்.

வெந்தயத் தண்ணீரும் இளநீருமாகச் சில மாதங்கள் போயின. தீபாவளிக் கூட்டத்தில் ஸ்டூலில் ஏறித் துணிக்கட்டை எடுக்கப் போனவள், கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று அப்படியே அலமாரியைப் பிடித்தபடி சரிந்தாள். புடவை நனைந்திருந்தது. அக்காவும் கடைப் பெண்ணும் அந்த நெரிசலில் ஆட்டோவுக்கு அலைந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு சதை எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பை வாயில் தொடங்கிய புற்றுநோய், பக்கத்தில் பரவிவிட்டிருந்தது. அறுவை சிகிச்சை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது, கதிர்வீச்சும் மருந்தும்தான் என்றார்கள்.

அம்மா நோயைக் கேட்டு அழவில்லை. அவளுக்கு ஒன்றுதான் புரியவில்லை. "நார்மல்னுதானே சொன்னாவ?" டாக்டரிடம் கேட்டாள். ஸ்கேன் அறையில் சட்டை மாற்றிவிட்ட பெண்ணிடம் கேட்டாள். கதிர்வீச்சுக்குக் காத்திருக்கும் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டாள். அவர்களுக்கு என்ன தெரியும்? "ஆமாம்மா, யாரைத்தான் நம்பறது" என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். "அன்னிக்கு எடுத்த செல்லுல மாற்றம் எதுவும் தெரியலைன்னு அர்த்தம்மா. இனிமே வரவே வராதுன்னு அர்த்தம் இல்ல. அதனாலதான் மூணு வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கணும்."

"அத அன்னைக்கே வெவரமாச் சொல்லக்கூடாதா சார்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னார்கள், உனக்குத்தான் காதில் விழவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லவில்லை, அம்மா இருந்தவரை ஒருநாளும் சொல்லவில்லை. அக்காவின் மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு. அந்தக் குனிந்த தலையை நினைத்தால் எல்லாம் போய்விடும்.

கதிர்வீச்சில் அம்மாவுக்குச் சாப்பாடு நிற்கவில்லை. எந்த நிறத்துக்கு எந்தத் துணி என்பதில் அவ்வளவு பிடிவாதம் பிடிப்பவள், கையில் கிடைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. ஊக்கு குத்திவிட்டேன். "உள்ளாற ஒரு பிடி பிடிச்சுத் தையேன்" என்றாள். தைத்தேன். அடுத்த மாதம் அதையும் மறுபடி பிடிக்க வேண்டியதாயிற்று.

ஒருமுறை, மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, அம்மன் மேல் கோபமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவ என்ன செய்வா? அன்னைக்கு உள்ளத அன்னைக்குச் சொன்னா" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில் சமாதானம் இருந்ததா, ஏமாற்றம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் மார்கழியில் அம்மா போய்விட்டாள். தெருவில் கோலம் போட்டிருந்தவர்கள் அவளைக் கொண்டுபோன வண்டிக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

எனக்கும் முப்பது தாண்டிவிட்டது, அந்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டிய வயது. கணவர் இரண்டு மூன்று முறை மென்மையாகச் சொல்லிப் பார்த்தார். "போய்ப் பார்த்துட்டு வந்துடேன். குழந்தையை நான் பாத்துக்கறேன்." எனக்குப் பரிசோதனையைக் கண்டு பயமில்லை. கெட்ட முடிவு வருமோ என்றும் பயமில்லை. நார்மல் என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்பதே பயம்.

அடையாறில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார். போனேன். செல்லையும் பார்த்தார்கள், அந்த நோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இரண்டுமே நல்லபடியாக வந்தன. செல் நார்மல், வைரஸ் இல்லை, ஐந்து வருடம் கழித்து வந்தால் போதும் என்று போனில் சொன்னார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்டு மகளின் யூனிஃபார்மைக் கொடியில் உலர்த்தினேன். உலர்த்தி முடித்துவிட்டு, காலண்டரில் ஐந்து வருடத்தை எண்ண ஆரம்பித்தேன். மகள் ஐந்தாம் வகுப்பு போயிருப்பாள். அதுவரை யார் பார்ப்பார்கள்? அந்தக் குச்சி படாத இடத்தில் ஏதாவது இருந்தால்? என் மாதிரியை வேறு யாருடையதோடாவது மாற்றி வைத்துவிட்டிருந்தால்? மாதவிலக்கு ஒருநாள் தள்ளிப்போனால் ஒரு பயம், ஒருநாள் முந்தி வந்தால் ஒரு பயம். சில மாதங்களிலேயே மறுபடி அந்த மருத்துவரிடம் போய் உட்கார்ந்தேன்.

"என்ன, ரிசல்ட் நல்லாத்தானே வந்தது?" என்றார்.

"அதான் டாக்டர்."

"அதான்னா?"

"எங்கம்மாவுக்கும் நல்லாத்தான் வந்தது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். "நார்மல்னு வந்ததுக்கு அழற முதல் ஆள் நீங்கதான். சொல்லுங்க, முழுசாச் சொல்லுங்க."

சொன்னேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனாலும் கேட்டார். பிறகு, ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. வைரஸ் வந்து, போகாமல் தங்கி, செல்லை மாற்றி, அந்த மாற்றம் புற்றாக ஆவதற்குப் பெரும்பாலும் பல வருடங்கள் ஆகும். அம்மாவுக்குச் செய்தது செல்லை மட்டும் பார்ப்பது, அதனால் மூன்று வருடம். எனக்கு வைரஸே இல்லை என்று தெரிந்ததால், கொஞ்சம் தைரியமாக ஐந்து வருடம்.

"அப்போ அம்மாவுக்கு முதல் தடவையே தப்பாப் பார்த்திருப்பாங்களா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதுக்கப்புறம் வந்ததாவும் இருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. நூத்துக்கு நூறு சொல்ற டெஸ்ட் எதுவுமே கிடையாது. ஒரு தடவை விட்டது அடுத்த தடவை மாட்டிக்கும். அதுக்குத்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்றது."

"எனக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா பண்ணிடுங்களேன்."

"மாட்டேன்" என்றார். "அடிக்கடி பார்த்தா, தானாச் சரியாகிற சின்ன மாற்றமெல்லாம் கண்ணுல படும். அதுக்கு ஒரு டெஸ்ட், அப்புறம் அதுக்கு ஒரு வைத்தியம். உங்க நிம்மதிக்காக உங்க உடம்பைக் கஷ்டப்படுத்த மாட்டேன். ஆனா ஒண்ணு. நடுவுல எப்பவாவது காரணமில்லாம ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பிறகு பட்டாலோ, வாடையோட வெள்ளைப்பட்டாலோ, இந்த ரிசல்ட்டை மறந்துட்டு வாங்க. போன வாரம்தான் நார்மல்னு வந்திருந்தாலும் வாங்க. அறிகுறி இல்லாதவங்களுக்குத்தான் இந்தப் பரிசோதனை. அறிகுறி வந்துட்டா கணக்கு வேற."

பரம்பரையாக என் மகளுக்கு வருமா என்று கேட்டேன். இது பெரும்பாலும் அந்த வைரஸால் வருவது, அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கு வந்தே தீரும் என்று இல்லை, மகளுக்கு ஒன்பது வயதானதும் தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்றார். எழுந்து வரும்போது, எனக்கு அக்கா தங்கை இருக்கிறார்களா, அவர்கள் பார்த்துக்கொண்டார்களா என்று விசாரித்தார். ஒரே ஒரு அக்கா, பார்த்துக்கொள்ளவில்லை என்றேன்.

"கூட்டிட்டு வாங்க" என்றார்.

அவர் இரண்டே வார்த்தையில் சொன்னது இன்னும் என்னால் முடியவில்லை.

முதல்முறை நான் இந்தப் பேச்சை எடுத்தது கடையில். மகளையும் கையில் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். ஆடித் தள்ளுபடி நேரம், சந்தில் நடக்க இடமில்லை.

"வாங்க டீச்சரம்மா. கையில குழந்த, வாயில பிரசங்கம். ஆரம்பிங்க" என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

நான் மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். செல், வைரஸ், மூன்று வருடம், ஐந்து வருடம். பாடம் எடுப்பது போலத்தான் சொல்லியிருப்பேன், எனக்கு வேறு மாதிரி வராது. அக்கா லைனிங்கை அளந்துகொண்டே கேட்டாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவளே தொடர்ந்தாள்.

"அவ பயந்தாங்கொள்ளிடீ. பல்லியப் பாத்தாலே கத்துவா. ரத்தத்தப் பாத்துச் சும்மா இருந்திருப்பாளா? அந்த நார்மல்தான் அவளத் தடுத்துச்சு. நான் கூப்பிட்டப்பவும் அதத்தான சொன்னா? அந்தக் கருமத்த நானும் போயி வாங்கிட்டு வரணுமா?"

"அது டெஸ்டோட தப்பு இல்லக்கா. நாமதான் அத..."

"நாமன்னு சொல்லாத. நான்னு சொல்லு. கூடவே இருந்தது நான்தான்."

கடைப் பெண் நடுவில் புகுந்து பேச்சை மாற்றப் பார்த்தாள். "இன்னா டீச்சரக்கா, நீ வந்தாவே எங்கக்கா துணிய கோணலா கிழிக்குது. பாரு, இப்ப இதக் கர்ச்சீப்புக்குத்தான் விக்கணும்." காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். என் மகளுக்கு அந்தக் கோணல் துண்டைக் கொடுத்து, "பொம்மைக்குத் தாவணி" என்றாள்.

இரண்டாம் முறை அவள் வீட்டில். மேற்கு மாம்பலத்தில் அம்மா இருந்த அதே வீட்டில்தான் இப்போது அக்கா இருக்கிறாள். காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கோபம் இல்லாமல்தான் பேசினாள்.

"சரி, நீ போய்ப் பாத்துட்ட. நார்மல்னு வந்துருச்சு. நிம்மதியா இருக்கியா? பொய் சொல்லாமச் சொல்லு."

நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லல்ல? மெலிஞ்சுதான போயிருக்க? மாப்பிள்ள என்கிட்ட வருத்தப்பட்டாரு. பாத்துக்காம நான் நிம்மதியா இருக்கேன். பாத்துட்டு நீ இப்படி இருக்க. இதுல யாரு புத்திசாலி, நீயே சொல்லு."

அவள் கேலியாகக் கேட்கவில்லை. எனக்காகக் கவலைப்பட்டுத்தான் கேட்டாள். நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று அப்போதே சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாளோ? ஆனால் அக்காவிடம் என் பொய் செல்லாது. சின்ன வயதிலிருந்தே செல்லாது. அவளும் நிம்மதியாக இருக்கிறாள் என்பதை நான் நம்பவில்லை. பார்க்காமல் இருப்பது அவளுக்குத் தண்டனை. தன்னைத் தானே தண்டித்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை அவளிடம் சொன்னால் எழுந்து போய்விடுவாள்.

அதன் பிறகு இரண்டு முறை மருத்துவரிடம் அவளுக்காக நேரம் வாங்கினேன். முதல்முறை திருமண சீசன், கடையை விட்டு வர முடியாது என்றாள். அடுத்தமுறை சரி என்று சொல்லிவிட்டு, கிளம்பும் நேரத்தில் போனை எடுக்கவில்லை. நான் மருத்துவமனை வாசலில் மகளுடன் நின்றிருந்தேன். மகள், பெரியம்மா வரமாட்டாளா என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். வரிசையில் அக்காவின் டோக்கனைக் கூப்பிட்டார்கள். நான் கை தூக்கி, அவர்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அக்காவுக்கு இப்போது நாற்பது ஆகப்போகிறது. அவளுக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவரே சொல்கிறார். ஆனால் ஏதாவது தொடங்கியிருந்தால், சுலபமாகச் சரிசெய்யக்கூடிய காலம் இதுதான். எனக்கு இருப்பது ஒரே அக்கா. என் மகளுக்கு என்னைத் தவிர அம்மா என்று ஓட ஒரு மடி இருக்கிறதென்றால் அது அவளுடையது.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்படி மறுத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். அம்மாவையோ, அக்காவையோ, மாமியாரையோ. என்ன சொல்லிக் கூட்டிப் போனீர்கள்? விளக்கிச் சொன்னது எனக்குப் பலிக்கவில்லை. நான் அழுதாலும் அவள் என்னைத்தான் சமாதானப்படுத்துவாள். என் பயத்தை முதலில் நான் சரிசெய்துகொண்டு, பிறகுதான் அவளிடம் போக வேண்டுமா? அல்லது பயத்தோடேயே போய், நீயும் என்னோடு வந்து பயப்படு என்று சொல்லலாமா? நார்மல் என்று வந்த பிறகும், அதை அதன் அளவுக்கு மட்டும் நம்பி, மற்ற நாட்களில் சாதாரணமாக இருக்க உங்களுக்கு எப்படி முடிகிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அடுத்த மாதம் மறுபடி நேரம் வாங்கியிருக்கிறேன், அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.